கூடையில்லாத நடை

ஊவாத் தோட்டங்களில் ஐம்பதைக் கடந்த அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையில் ஐம்பதாவது வயதுக்குத் தனி இடம் உண்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுத்துக்கொள்ளலாம். 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி யாரையும் நிறுத்தக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் முழங்காலும் இடுப்பும் தாங்காமல் அதற்கு முன்பே பெயரை வெட்டிக்கொண்டு காசை எடுப்பவர்கள் பலர். அந்தக் காசில் மகளின் கல்யாணக் கடன் அடைகிறது, காம்பராவுக்குப் புதுத் தகரம் ஏறுகிறது, மகன் ஓட்டோவுக்கு முன்பணம் கட்டுகிறான். பிறகு விடிகாலைப் பெரட்டு இல்லை, கொழுந்து நிறுவை இல்லை, அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

அதோடு நடையும் நின்றுவிடுகிறது.

மாதக் கிளினிக்கில் பிரஷர் பார்த்த டொக்டர், “தினமும் கொஞ்சம் நடங்கம்மா” என்கிறார். “முப்பது வருஷம் மலையில நடந்தவளுக்கு இன்னும் என்னங்கய்யா நடை?” என்று பதில் வருகிறது. பதுளையோ பண்டாரவளையோ தியத்தலாவையோ, எந்த ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தாலும் காதில் விழக்கூடிய பதில்தான் இது. கேட்பவரின் நியாயம் முழுக்க முழுக்க அதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகத்தில் இப்போது ஒரு நேரான விடை கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 1,04,046 பேரை ஏறத்தாழ 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2021இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆந்திரியாஸ் ஹோல்டர்மானும் அவருடைய குழுவினரும் செய்தது. ஓய்வு நேரத்தில் தம் விருப்பத்துக்கு உடம்பை அசைத்தவர்களிடம் மாரடைப்பும் சாவும் குறைவாக இருந்தன. அதே ஆய்வில், வேலையில் உடம்பை வருத்தியவர்களிடம் இரண்டும் கூடுதலாக இருந்தன. புகைத்தல், படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நிலைத்தது.

ஏன் இப்படி? கொழுந்து மலையை நினைத்துப் பார்த்தாலே பாதி விளங்கும். நிரைக்குள் இறங்கிய பெண் காலை முழுவதும் நடப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் அவள் ஓர் அடி வைக்கிறாள், நிற்கிறாள், குனிகிறாள், மறுபடி ஓர் அடி வைக்கிறாள். இதயத்துக்குப் பயிற்சியாகும் அளவுக்கு அந்த அசைவில் வேகம் இல்லை. அதே நேரம், இரத்த அழுத்தத்தை நாள் முழுக்க ஏற்றியே வைத்திருக்கும் அளவுக்குப் பாரம் இருக்கிறது. கூடைக் கயிறு தலையை அழுத்துகிறது, நனைந்த படங்கு இடுப்பில் கனக்கிறது. களைத்த நேரத்தில் உட்கார முடியாது. கங்காணி சொன்ன நேரத்தில்தான் உட்காரலாம். மறுநாள் உடம்பு தேறுவதற்குள் அடுத்த பெரட்டு வந்துவிடுகிறது. ஆண்களின் கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் இதே கதைதான்: ஒரே தசைக்கு ஓயாத வேலை, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே அக்காமாரே, முப்பது வருடம் மலையில் நடந்தது பொய்யில்லை. ஆனால் அந்த நடை தோட்டத்துக்காக நடந்தது. உங்கள் இதயத்துக்காகவும் எலும்புக்காகவும் நடந்த நடை அதில் மிகக் குறைவு.

இதைக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் இனி உட்கார்ந்தே இருக்கலாம்” என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உழைத்த உடம்பு திடீரென்று அடங்கும்போது சேதம் வேகமாக வருகிறது. மாதவிடாய் நிற்கும் வயதும் ஏறத்தாழ ஐம்பதுதான். அதன் பின் வரும் சில ஆண்டுகளில் பெண்ணின் எலும்பு விரைவாக மெலிகிறது. எலும்பு தன் மீது பாரம் விழுந்தால்தான் உறுதியை வைத்துக்கொள்ளும். நிற்பதும் நடப்பதும் ஏறுவதும் அந்தப் பாரத்தைத் தருகின்றன. இலங்கையில் 2005-06இல் நடந்த ஒரு தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதன் முன்நிலையோ இருப்பதாகக் கண்டது. மூன்று வேளையும் கோதுமை ரொட்டியும் சீனி போட்ட தேநீருமாக வாழும் லயத்தில், உழைப்பு நின்ற பிறகு அந்தச் சீனி எங்கே போகும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு ஒன்றும் மலைக்க வைப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை, ஓரளவு மூச்சு வாங்கும் வேகத்தில் அசைய வேண்டும். தசைக்கு வலுத் தரும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். 65ஐக் கடந்தவர்களுக்கு, விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகள் காட்டும் “10,000 அடி” என்ற கணக்குக்குப் பயப்படவும் வேண்டாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வெளியான ஒரு கணக்கின்படி, 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான பலன் நாளுக்கு 6,000 முதல் 8,000 அடிகளுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. வேகம் சரிதானா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

இனி மலை விஷயம். கொழும்பில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று ஊவாவில் இருக்கிறது: ஏற்றமும் இறக்கமும். ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் பகுதியில் ஹைன்ஸ் டிரெக்சல் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். உட்கார்ந்தே பழகியவர்களை இரண்டு மாதம் மலையில் ஏறி நடக்க வைத்து, கேபிள் காரில் கீழே கொண்டுவந்தார். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் மேலே ஏற்றி, இறங்கி நடக்க வைத்தார். ஏறியபோது இரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. இறங்கியபோதோ, உடம்பு சீனியைக் கையாளும் திறன் கூடியது. கெட்ட கொலஸ்ட்ரோல் இரண்டிலுமே குறைந்தது. மூச்சு வாங்க ஏற முடியாதவருக்கு இறங்கி நடப்பதே மருந்தாகலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் பெரிய ஆறுதல்.

அந்தச் சோதனையைத் தம்பேத்தன்னையில் காசு அதிகம் செலவழிக்காமல் செய்து பார்க்கலாம். ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தொழிற்சாலை வரை பஸ் போகிறது. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து லிப்டன் இருக்கை என்ற உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். ஓட்டோ மேலே வரை ஏறும். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஓட்டோவில் ஏறி, மேலே நின்று தெற்கே தாழ்நிலம் விரிவதைப் பார்த்துவிட்டு, கொழுந்து மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் பேசிக்கொண்டே நடந்து வரலாம். முழங்கால் கெட்டவர்களுக்கு மட்டும் இதில் ஓர் எச்சரிக்கை: இறக்கத்தில்தான் மூட்டில் பாரம் கூடுதலாக விழும். அவர்கள் பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். மட்டக்கம்பு பிடித்துப் பழகிய கைக்கு அது புதிதும் இல்லை.

பதுளை நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துன்ஹிந்தை இருக்கிறது. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி; பெருந்தெருவிலிருந்து காட்டுக்குள் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. ஹப்புத்தளையில் தங்கமலைக் காடு இருக்கிறது, 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அதிஷம் மாளிகைக்குப் பக்கத்தில். நிழலும் பறவைகளும் நிறைந்த பாதை. நமுனுகுலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். அதை முதல் மாதத்தில் யாரும் நினைக்க வேண்டாம், மூன்றாவது நான்காவது மாதத்தில் நினைக்கலாம்.

இந்த இடங்களில் இப்போது யார் நடக்கிறார்கள்? பீக்கோ நடைபாதை என்று ஒன்று அண்மைய ஆண்டுகளில் பேர் வாங்கியிருக்கிறது. மிகேல் குனாட் என்பவரின் யோசனையில், ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் துணை நிற்க உருவானது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. அதன் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்ட பழைய பாதைகளைத்தான் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். மன்னாரில் கரையிறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்துவிட்டு மலையேறி வந்த குடும்பங்கள் வெட்டிய பாதைகள் அவை.

ஐரோப்பாவில் அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்கள் விமானச் சீட்டு வாங்கி அந்தப் பாதையில் நடக்க வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான், அவர்களால் பாதையோரத் தேநீர்க் கடைக்கும் வழிகாட்டிக்கும் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாதையின் ஓரத்து லயத்தில் அதே அறுபது வயதில் இருப்பவர் ஸ்தோப்பில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பொறுத்துக்கொள்ளக் கூடிய காட்சியாக இல்லை. அந்த மலையைப் பார்த்து மகிழும் முதல் உரிமை அவருக்குத்தான். எத்தனையாம் நம்பர் மலையில் எப்போது மஞ்சு இறங்கும், எந்தக் காட்டுத் தொங்கலில் ஊற்று வற்றாது, எந்தக் குறுக்குப் பாதை எந்த டிவிஷனில் ஏறும் என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். வேலை நேரத்தில் தலையைத் தூக்கி அந்த மலையை முழுசாகப் பார்க்க அவருக்கு வாய்த்ததில்லை.

வயது போன பிறகு நடப்பது நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாதது என்று சொல்லவும் முடியாது. கதிர்காமம் ஊவா மாகாணத்துக்குள், மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக வந்து, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்தை அடைகிறது. முழுத் தூரத்தையும் நடப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். யானையும் கரடியும் உள்ள அந்தக் காட்டில், தலையில் மூட்டையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக நடக்கும் கூட்டத்தில் தலை நரைத்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை நடக்க வைப்பது நேர்த்தி மட்டுமில்லை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள், பாட்டு இருக்கிறது, மாலையில் ஓரிடத்தில் எல்லோருக்கும் சோறு இருக்கிறது. கூட்டத்தோடு போனால் கால் வலி பாதியாகும் என்பது யாத்திரை போன யாருக்கும் தெரிந்த விஷயம்.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடி, இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றபோது அவருக்கு வயது 72. எல்லோரும் ஓட வேண்டியதில்லை. ஆனால் போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஒரு மாவட்டத்திலிருந்து அந்த வயதில் அப்படி ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால், “இந்த வயசுல இனி என்ன” என்ற பேச்சை லயத்தில் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

தடைகள் இல்லையா? இருக்கின்றன. முதல் தடை நேரம். பெயரை வெட்டிய பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று நினைப்பது பெரிய அநியாயம். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையிலோ குவைத்தில் வீட்டு வேலையிலோ இருப்பாள். பேரப்பிள்ளைகளின் பாடசாலை, விறகு, தண்ணீர், மரக்கறித் தோட்டம் எல்லாம் பாட்டியின் தலையில். கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கவும் பலர் போகிறார்கள். இவையும் வேலைதான். அதனால் இந்த மடலைப் படிக்கும் மகன்மாரும் மகள்மாரும் கவனிக்க வேண்டும்: அம்மாவுக்குக் காசு அனுப்புவதோடு ஒரு மணித்தியாலத்தையும் கொடுங்கள். வாரத்தில் நாலைந்து நாள், அந்த நேரத்துக்குப் பிள்ளையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தடை வெட்கம். வேலை இல்லாமல் பெண்பிள்ளை ரோட்டில் நடந்தால் “எங்க கெளம்பிட்டா?” என்று கேட்கும் லயம் அது. தனியாகப் போனால்தான் அந்தக் கேள்வி வரும். ஆறு பேராகப் போனால், மறுநாள் கேட்டவரும் கூட வருவார்.

மூன்றாவது, மலை தரும் உண்மையான ஆபத்துகள். குளவிக்கொட்டு தோட்டத்தில் உயிரையே எடுத்திருக்கிறது. கூடு தெரிந்த பக்கம் போகக் கூடாது, வாசனைப் பூச்சு எதுவும் பூசிக்கொண்டு போகக் கூடாது. காட்டுத் தொங்கலில் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குகள் கிடக்கும், ஆகவே பாதையை விட்டு இறங்க வேண்டாம். தண்டவாளத்தை நடைபாதையாக்கவும் வேண்டாம். வளைவும் சுரங்கமும் மஞ்சும் நிறைந்த பதுளைப் பாதையில் ரயில் வருவது பல இடங்களில் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஊவாவில் பெருமழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பதுளை மாவட்டம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாட்களில் நடை வேண்டாம். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் பத்துத் தரம் உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு வலு; சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் சமநிலை.

தொடங்குவதற்கு முன் ஒரு தடவை கிளினிக்கில் பிரஷர், சீனி, இரத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் குறைவாக உள்ள பெண் நாலடி ஏறினாலே மூச்சு வாங்குவாள். அதை வயதின் மேல் போட்டுவிடுவது நடக்கிறது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் மடியில் இரண்டு டொபி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும். ரப்பர் செருப்பு மலைக்கு ஆகாது, காலைப் பிடிக்கும் சப்பாத்துத் தேவை. வீடு வந்ததும் விரலிடுக்குகளைப் பாருங்கள். அட்டைக் கடி பெரிய விஷயமில்லை, ஆனால் சீனி உள்ளவரின் காலில் கவனிக்காத கொப்புளம் பெரிய விஷயம். நெஞ்சு இறுக்கினால், வலி கைக்கோ தாடைக்கோ ஓடினால் நடையை நிறுத்தி 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். லயத்திலிருந்து கோயில் வரை போய்த் திரும்பலாம். அடுத்த வாரம் தொழிற்சாலை வரை. ஒரு மாதத்தில் அரை மணித்தியாலம் தானாக வந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோயில் கமிட்டிக்காரர்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் சில விஷயங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த கமிட்டிக்கு, போயா நாள் காலையில் இருபது பேரை ஓர் ஓட்டோவும் தண்ணீர்க் கானும் சகிதம் மலைக்குக் கூட்டிப்போவது பெரிய காரியமில்லை. நடப்பவர்கள் இளைப்பாறப் பாதையோரத்தில் நாலு இடங்களில் வாங்கு போடலாம். பெண்களுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். வேலை செய்த காலத்திலேயே மலையில் அது கிடைக்கவில்லை, இப்போதாவது கிடைக்கட்டும். ஓய்வு பெற்ற தொழிலாளர் தோட்டப் பாதையில் காலையில் நடக்கலாம் என்று தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் காவலாளியோடு வாக்குவாதம் இராது. பீக்கோ பாதைக்கு வழிகாட்டிகளைத் தேடுபவர்களும் ஐம்பது கடந்தவர்களை நினைத்துப் பார்க்கலாம். இங்கிலீஷ் பேசும் பேரனோடு பாட்டனும் சேர்ந்து போனால், எந்த மலை எப்போது நட்டது என்ற கதை நடக்க வந்தவர்களுக்கும் கிடைக்கும், பேரனுக்கும் கிடைக்கும்.

ஊவாவின் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கித் தருவது ஆடி, ஆவணிக் காலத்து வறண்ட காற்று. நடைக்கும் அதுவே நல்ல காலம்: பாதை காய்ந்திருக்கும், அட்டை குறைவு, காலையில் வானம் தெளிவு. ஹப்புத்தளைப் பக்கத்தவர்கள் தம்பேத்தன்னையில் தொடங்குங்கள். பசறை, லுணுகலைப் பக்கத்தவர்கள் நமுனுகுலை அடிவாரத்தில் சேருங்கள். மடுல்சீமைக்காரர்கள் சின்ன உலக முடிவு வரை போகலாம். இதுவரை வெளியூர்ப் பிள்ளைகள்தான் கூடாரத்தோடு அங்கே வந்து போகிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தீர்கள், எந்த மலைக்குப் போனீர்கள் என்று பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரருக்கு ஒரு கோல் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த போயாவுக்கு அவர்களையும் வரச் சொல்லுங்கள்.